இடம் போதுமா? சி மொழிப் பாடநூலும் அது வளர்த்த பழக்கமும்

புரோகிராம் மொழிகளைக் கற்பிக்கும் நூல்களுள் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி மொழி நூலுக்கு இணை சொல்லத்தக்கவை மிகச் சிலவே. 1978-இல் வெளிவந்த முதற் பதிப்பு 228 பக்கங்கள். 1988-இல் வந்த இரண்டாம் பதிப்பு 272 பக்கங்கள். கணிப்பொறி நூல் என்றாலே தலைக்கு வைத்துப் படுக்கும் பருமன் என்று பழகிவிட்ட நமக்கு அதன் மெலிவே ஒரு வியப்பு. மொழியை உருவாக்கியவரே ஆசிரியர்களுள் ஒருவர். எந்த மொழியைக் கற்கத் தொடங்கினாலும் மாணவர் முதலில் எழுதுகிறாரே, உலகுக்கு வணக்கம் சொல்லும் சிறு புரோகிராம், அது உலகெங்கும் பரவியது இந்த நூல் வழியாகத்தான். மலிவான இந்தியப் பதிப்பும் வந்தமையால் நம் ஊர்க் கல்லூரி நூலகங்களிலும் அது இடம் பெற்றது.

இவ்வளவு நல்ல நூலைக் குறை கூறவே இக்கட்டுரை. நூலில் பிழை மலிந்திருக்கிறது என்பதல்ல என் குறை. பிழைகள் மிக அரிது. அதில் இல்லாத ஒன்றைப் பற்றியே பேசப் போகிறேன். சிறந்த ஆசிரியர் வகுப்பில் சொல்லாமல் விட்டதையும் மாணவன் பாடமாகவே எடுத்துக்கொள்கிறான் அல்லவா? அப்படி எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மௌனத்துக்கு உலகம் இன்றுவரை விலை கொடுத்து வருகிறது.

முதல் அத்தியாயத்தில் ஒரு சிறு புரோகிராம் வருகிறது. உள்ளே அனுப்பப்படும் வரிகளில் எது மிக நீளமோ அதை அச்சிட்டுக் காட்ட வேண்டும். இதற்காக ஆசிரியர்கள் இரண்டு ஃபங்ஷன்களை எழுதுகிறார்கள். ஒன்றின் பெயர் கெட்லைன். வெளியிலிருந்து ஒரு வரியை வாங்கி நினைவகத்தில் வைப்பது அதன் வேலை. மற்றொன்று காப்பி. ஓரிடத்தில் உள்ள வரியை இன்னோர் இடத்தில் படியெடுப்பது அதன் வேலை. வரிக்கு 1000 எழுத்துகள் கொள்ளும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கெட்லைன் கவனமானது. இடம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஓர் எழுத்தையும் வாங்காது. காப்பி எதையும் கேட்பதில்லை. பெறும் இடம் போதிய அளவு பெரியதாக இருப்பதாக வைத்துக்கொள்ளும்படி அதன் தலைப்பில் ஒரு சிறு குறிப்பு மட்டும் இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தையும் ஆசிரியர்கள் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் வரி எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே யாராலும் அறிய முடியாது. எனவே அங்கே சோதனை வேண்டும். படியெடுப்பவருக்கோ தம் கையிலுள்ளதன் நீளம் தெரியும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளவும் முடியும். எனவே இங்கே சோதனை சேர்க்கவில்லை. அந்தப் புரோகிராமைப் பொறுத்தவரை இது முற்றிலும் சரி. இரண்டு இடங்களும் 1000 தான்; வழிவதற்கு வழியே இல்லை. ஆனால் நீளம் தெரிந்திருப்பது வேறு, தெரிந்துகொள்ள முடிவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நூல் அளந்து காட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் பின்னாளில் புழுக்களும் திருடர்களும் நுழைந்தார்கள்.

கணிப்பொறிக்குப் புதியவரான வாசகருக்காக நினைவகம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று விளக்கிவிடுவோம். நினைவகம் என்பது வரிசையாக எண் இடப்பட்ட அறைகள். ஓர் அறையில் ஒரு பைட். ஆங்கில எழுத்தானால் ஒன்று. ஒரு பெயரையோ வரியையோ வைக்க வேண்டுமானால் அடுத்தடுத்த அறைகளில் ஒவ்வோர் எழுத்தாக வைக்கிறோம். இதைச் சரம் என்கிறோம். சரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். எங்கே முடிகிறது என்பதை எப்படி அறிவது?

இதற்கு விடை நம் ரயில் நிலையங்களில் இருக்கிறது. ஒரு வண்டி முழுமையாகக் கடந்துவிட்டதா என்று நிலைய ஊழியர் எப்படி அறிகிறார்? கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறியோ எல்.வி. என்ற பலகையோ இருக்கும். அதைக் கண்டால் வண்டி முடிந்தது. காணாவிட்டால் பெட்டிகள் சில நடுவழியில் கழன்று நிற்கின்றன என்று பொருள்; அடுத்த வண்டியை விடமாட்டார்கள். இன்னொரு முறையும் உண்டு: இத்தனை பெட்டி என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவது. சி மொழி முதல் முறையைத் தேர்ந்தெடுத்தது. சரத்தின் கடைசியில் சுழி மதிப்புள்ள ஒரு பைட் வைக்கப்படும். அதுதான் கடைசிப் பெட்டியின் அடையாளம். எத்தனை எழுத்து என்ற கணக்கு எங்கும் எழுதப்படுவதில்லை.

ஆனால் நிலைய அதிகாரிக்கு இன்னொரு கவலையும் உண்டு. வண்டியை லூப் லைனில் ஏற்றுமுன், லைனின் நீளம் வண்டிக்குப் போதுமா என்று பார்த்தாக வேண்டும். போதாவிட்டால் வால்பகுதி மெயின் லைனை மறித்துக்கொண்டு நிற்கும். இந்தக் கேள்விக்குக் கடைசிப் பெட்டி அடையாளம் உதவாது. வண்டி முழுவதும் உள்ளே வந்த பிறகுதானே அது கண்ணில் படும்! சி மொழியின் சரங்களில் உள்ள குறை அத்தனையும் இதுவே. இடம் போதுமா என்று கேட்பதற்கு வேண்டிய எண் சரத்தோடு வருவதில்லை. படியெடுக்கும் ஃபங்ஷன் சுழியைத் தேடிக்கொண்டே எழுதிச் செல்கிறது. ஒதுக்கிய அறைகள் தீர்ந்துவிட்டாலும் நிற்பதில்லை. அடுத்த அறையிலும் எழுதுகிறது. அந்த அறை வேறொன்றுக்குச் சொந்தமானது.

ரிட்சி போன்ற மேதைக்கு இது தோன்றாமலா போயிற்று? இங்கே நாம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். சி மொழியின் பாட்டி பிசிபிஎல். 1967-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கியது. அதில் சரத்தின் முதல் அறையிலேயே எழுத்துகளின் எண்ணிக்கை இருந்தது. அதிலிருந்து பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் பி மொழியை ஆக்கியபோது எண்ணிக்கை போய் முடிவுக்குறி வந்தது. இதற்கு இரண்டு காரணங்களை ரிட்சி 1993-இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் தருகிறார். எட்டு பிட் அறையில் 255-க்கு மேல் எண்ண முடியாது. ஆகவே சரத்தின் நீளம் கட்டுப்பட்டுவிடும். அன்றியும், எண்ணிக்கையைப் பேணுவதைவிட முடிவுக்குறியை வைப்பது அவர்கள் அனுபவத்தில் எளிதாக இருந்தது. அவர்கள் கையாண்ட பொறியை நினைத்துப் பாருங்கள். யூனிக்ஸ் அமைப்பு குடியேறிய முதல் பிடிபி-11 பொறியில் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் அமைப்புக்கு 16 போக, புரோகிராம்களுக்கு மிஞ்சியது 8. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தை அதில் வைக்க முடியாது. ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்த காலம் அது. பயன்படுத்தியவர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒருவரையொருவர் அறிந்த சிலர்.

மாற்று வழிகளும் அன்று குறையற்றவையாக இல்லை. நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் எல்லைச் சோதனை உண்டு. ஆனால் அதில் அணியின் நீளம் அதன் வகையிலேயே அடங்கிவிட்டது. 10 எழுத்துச் சரத்துக்கு எழுதிய ஃபங்ஷன் 20 எழுத்துச் சரத்துக்கு ஆகாது. இதை 1981-இல் கெர்னிகனே கடுமையாகச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சாடல் நியாயமானது. நடைமுறையில் உழைப்பவனுக்குப் பாஸ்கலின் கட்டு தாங்க முடியாததாகவே இருந்தது. சி மொழி வென்றதில் வியப்பில்லை.

என்றாலும், எல்லைச் சோதனை விலை உயர்ந்த ஆடம்பரம் என்று சொல்வோருக்கு அதே காலத்திலேயே ஒரு பதில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் எலியட் சகோதரர்கள் கம்பெனியில் டோனி ஹோர் என்பவர் ஆல்கால் 60 மொழிக்கு ஒரு கம்பைலர் எழுதினார். அணியின் எந்த அறையைத் தொட்டாலும் அது எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும்படி அதை அமைத்தார். பல ஆண்டுகள் கழித்து, வேகத்துக்காக அந்தச் சோதனையை நிறுத்திக்கொள்ளும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வேண்டாம் என்றார்கள். தங்கள் புரோகிராம்களில் எல்லை மீறல் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். 1980-ஆம் ஆண்டு டியூரிங் பரிசுப் பேருரையில் ஹோர் இதைச் சொல்லி, மொழிகளை வடிவமைப்போர் இன்னும் இந்தப் பாடத்தைக் கற்கவில்லையே என்று வருந்தினார். கேட்டவர்கள் கைதட்டியிருப்பார்கள், சி மொழியில் ஒன்றும் மாறவில்லை.

மீண்டும் நூலுக்கு வருவோம். ஐந்தாம் அத்தியாயத்தில் சரத்தைப் படியெடுக்கும் ஃபங்ஷன் மறுபடியும் வருகிறது. முதலில் அறை எண்களை வைத்து ஒரு வடிவம். பின்னர் சுட்டிகளை வைத்து ஒரு வடிவம். அதைச் சுருக்கி மற்றொன்று. கடைசியில் ஒரே வரியாகச் சுருங்கி நிற்கிறது. எழுத்தை எடுப்பது, வைப்பது, இரு பக்கமும் ஓரடி நகர்வது, முடிவுக்குறியா என்று பார்ப்பது, இத்தனையும் சுமார் பதினைந்து குறியீடுகளுக்குள் நடந்துவிடுகிறது. இந்த நடை வசதியானது, பழகிக்கொள்ள வேண்டியது என்று ஆசிரியர்கள் பரிந்துரைக்கவும் செய்கிறார்கள். முதன்முறை இதைப் புரிந்துகொள்ளும் மாணவனுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. கணக்கில் அழகான நிரூபணம் ஒன்றைக் கண்டால் வருகிற மகிழ்ச்சி அது.

ஆனால் பாருங்கள், இந்த அழகு முழுவதும் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வந்தது. இடம் போதுமா என்ற சோதனையைச் சேர்த்துவிட்டால் அந்த வரி உடனே குண்டாகிவிடும். எல்லையோடு படியெடுக்கும் ஃபங்ஷன்களையும் ஆசிரியர்கள் மறக்கவில்லை. அத்தியாயத்தின் பயிற்சிக் கணக்குகளில் ஒன்றாக அதை மாணவனிடம் விட்டிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தெரியும், பயிற்சியில் கடைசிக் கணக்குகளின் கதி என்னவென்று. எல்லையில்லாத வடிவம் மனப்பாடமாயிற்று. எல்லையுள்ள வடிவம் வீட்டுப்பாடமாயிற்று.

இதைவிடப் பெரிய குறை ஏழாம் அத்தியாயத்தில். கெட்ஸ் என்றொரு ஃபங்ஷன் சி மொழியின் நூலகத்தில் இருந்தது. விசைப்பலகையிலிருந்தோ வேறெங்கிருந்தோ வரும் ஒரு வரியை வாங்கி, நாம் காட்டும் இடத்தில் வைக்கும். அந்த இடத்தின் அளவைச் சொல்வதற்கு அதில் வழியே கிடையாது. சொல்ல விரும்பினாலும் முடியாது. முதல் அத்தியாயத்தில் ஆசிரியர்கள் கூறிய காரணத்தை நினைவுகூருங்கள்: வெளியிலிருந்து வரும் வரியின் நீளம் யாருக்கும் தெரியாது, ஆகவே சோதனை வேண்டும். அந்த விதியின்படி கெட்ஸ் இருக்கவே கூடாத ஒன்று. 1988 பதிப்பு அதை அறிமுகப்படுத்துகிறது. வரியின் முடிவிலுள்ள புதுவரிக் குறியை அது நீக்கிவிடுவது குழப்பம் தரும் என்று குறைப்படவும் செய்கிறது. இடம் வழிந்துவிடும் அபாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாமே வகுத்த விதியைத் தாமே மறந்த இடம் இது.

அதே 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மாரிஸ், தானாகப் பரவும் ஒரு புரோகிராமை இன்டர்நெட்டில் அவிழ்த்துவிட்டார். (இவருடைய தந்தை பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் குழுவினரோடு பணியாற்றியவர் என்பது விதியின் வேடிக்கை.) அந்தப் புழு பரவிய வழிகள் பல. கடவுச்சொற்களை ஊகித்தது, அஞ்சல் புரோகிராமின் ஓட்டையைப் பயன்படுத்தியது. அவற்றுள் ஒன்றுதான் நமக்கு வேண்டியது. இன்னார் இப்போது கணிப்பொறியில் இருக்கிறாரா என்று வெளியூரிலிருந்து கேட்பவருக்குப் பதில் சொல்லும் ஃபிங்கர் என்ற பணிப் புரோகிராம் அக்காலத்தில் இருந்தது. கேள்வியை வாங்க அது 512 பைட் இடம் ஒதுக்கிவிட்டு, கெட்ஸை அழைத்தது. புழு அனுப்பிய கேள்வியோ 536 பைட்.

மிஞ்சிய 24 பைட் எங்கே போயிற்று? ஒரு ஃபங்ஷன் தன் வேலையை முடித்ததும் புரோகிராமின் எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரி, அந்த ஃபங்ஷனின் இடத்தை அடுத்தே நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வழிந்த பைட்டுகள் அந்த முகவரியின் மேல் விழுந்து அதை மாற்றின. ஃபங்ஷன் திரும்பியபோது வீட்டுக்குப் போகவில்லை. புழு அனுப்பிய கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்த ஆணைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கணத்திலிருந்து வாக்ஸ் வகைப் பொறி அந்நியனுடையது. சுமார் 6000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அக்காலத்து மதிப்பீடு. மாரிசுக்கு 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார். கெட்ஸுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. சி மொழியின் சர்வதேசத் தரத்திலிருந்து அது நீக்கப்பட்டது 2011-இல்தான். இருபத்து மூன்று ஆண்டுகள்!

ஏன் இவ்வளவு காலதாமதம்? இங்கேதான் புரோகிராமர் சமூகத்தின் மனப்பான்மையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பழைய புரோகிராம்கள் ஓடாமல் போய்விடுமே என்ற அச்சம் ஒரு காரணம். அது நியாயமான அச்சம். மற்றொரு காரணம் பெருமிதம். கத்தி கூர்மையாக இருந்தால் சமையல்காரன் கையை வெட்டிக்கொள்வான் என்று கத்தியை மழுக்குவார்களா என்று கேட்பார்கள். தேர்ந்தவன் எல்லை மீறமாட்டான், மீறுகிறவன் கற்றுக்குட்டி, அவனுக்காக மொழியை ஏன் மாற்ற வேண்டும்?

இந்த மனப்பான்மைக்கு ஒரு நல்ல சான்று தருகிறேன். எல்லையோடு படியெடுக்க ஸ்டிரிங்-என்-காப்பி என்றொரு ஃபங்ஷன் பழைய நாளிலிருந்தே உண்டு. ஆனால் அது பிறந்தது வேறு வேலைக்கு. பழைய யூனிக்ஸில் கோப்பின் பெயருக்கு அட்டவணையில் சரியாக 14 பைட் இடம். அந்தப் பெட்டியை நிரப்பவே அது எழுதப்பட்டது. பெயர் 14 எழுத்தாகவே இருந்தால் முடிவுக்குறி வைக்க இடமில்லை; அது வைக்கவும் வைக்காது. பாதுகாப்பு வேண்டி இதை எடுத்தவர்கள் கடைசிப் பெட்டி அடையாளம் இல்லாத வண்டிகளை ஓட்டினார்கள். இதைக் கண்டு 1998-இல் ஓப்பன் பிஎஸ்டி அமைப்பைப் பேணுவோர் ஸ்டிரிங்-எல்-காப்பி என்ற புதிய ஃபங்ஷனை எழுதினார்கள். இடத்தின் அளவைக் கேட்கும், மீறாது, முடிவுக்குறியைத் தவறாமல் வைக்கும். லினக்ஸ் கணிப்பொறிகளில் பெரும்பாலானவை பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற நூலகத்தில் இதைச் சேர்க்கும்படி கேட்டபோது, பேணியவர் ஏளனமாக மறுத்துவிட்டார். சரங்களை ஒழுங்காகக் கையாளுகிறவருக்கு அவற்றின் நீளம் முன்பே தெரிந்திருக்கும், அவருக்கு இது தேவையில்லை என்பது அவர் வாதம். பாடநூலின் முதல் அத்தியாயத்து வாதம் அப்படியே திரும்ப ஒலிப்பதைக் கவனித்தீர்களா? 2023-ஆம் ஆண்டு வந்த 2.38 பதிப்பில்தான் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளே இடம் கிடைத்தது. இதற்குள் லினக்ஸ் கருநிரலைப் பேணுவோர், அதுவும் மூலச் சரத்தை முடிவுவரை படித்துப் பார்க்கிறதே என்று அதைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விட்டார்கள் என்பது தனிக்கதை.

தேர்ந்தவருக்கு நீளம் தெரியும் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்ப்போம். 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, வலைத்தளங்களின் இரகசியப் பரிமாற்றத்துக்கு உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இருந்தது. எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொண்டிருக்கும்போது, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு சொல்லை அனுப்பி, அதையே திருப்பி அனுப்பச் சொல்வது வழக்கம். சொல்லோடு அதன் நீளத்தையும் அனுப்ப வேண்டும். ஆக, நீளம் தெரிந்தே இருந்தது, எழுத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவன் யார் என்பதுதான் பிரச்சினை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு இதன் நீளம் 64 ஆயிரம் என்று எழுதினால், நூலகம் அதை நம்பிற்று. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதையெல்லாம் 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. பிறருடைய கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அதில் இருக்கக்கூடும். இரண்டு ஆண்டுகள் இது யார் கண்ணிலும் படாமல் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. திருத்தம் மிகச் சிறியது. சொன்ன நீளமும் வந்த நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை, அவ்வளவே.

இன்னும் அண்மையில் நடந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். 2024 ஜூலை 19-ஆம் நாள் உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் கணிப்பொறித் திரைகள் நீலமாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனியின் பாதுகாப்புப் புரோகிராமில், 21 மதிப்புகளை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இருபத்தோராவது அறையைத் தேடி அது எல்லைக்கு வெளியே கை நீட்டிற்று. விண்டோஸ் அமைப்பின் அடிவயிற்றில் ஓடும் புரோகிராமாகையால் பொறியே விழுந்துவிட்டது. 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. இங்கே திருடன் யாரும் இல்லை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மொழி அதைக் கவனிக்கவில்லை.

இவை தனித்தனி விபத்துகள் என்று தள்ளிவிட முடியாது. தன் புரோகிராம்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் அறிவித்தது. குரோம் உலாவியின் கடுமையான குறைகளுக்கும் அதே 70 விழுக்காட்டை அதன் பொறியாளர்கள் 2020-இல் கூறினார்கள். இந்த இடங்களில் பணிபுரிவோர் உலகின் தேர்ந்த புரோகிராமர்கள். தேர்ந்தவர் தவறமாட்டார் என்ற வாதம் இந்த எண்ணுக்குப் பிறகும் எப்படி நிற்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வேகம் குறையுமே என்பார்கள். சோதனைக்கு நேரம் ஆவது உண்மை. 24 கிலோபைட் பொறியில் அது பெரிய செலவு. இன்று மிகப்பெரும்பாலான வேலைகளுக்கு அது பொருட்டே அல்ல. 2015 மே மாதம் முதற் பதிப்பாக வெளிவந்த ரஸ்ட் மொழி, சி மொழியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிக்கொண்டே சரத்தோடு அதன் நீளத்தையும் சுமந்து செல்கிறது. எல்லைக்கு வெளியே கை நீட்டினால் அங்கேயே புரோகிராமை நிறுத்திவிடும். கற்பதற்கு அது கடினம். கம்பைலர் கண்டிப்பான தலைமையாசிரியர் போல ஒவ்வொன்றுக்கும் தடுத்து நிறுத்தும். 2022 டிசம்பரில் லினக்ஸ் கருநிரலுக்குள் அதற்கு இடம் தரப்பட்டபோதும் அதன் பின்னும், சி மொழியில் ஊறிய முதியவர்களுக்கும் புதியவர்களுக்கும் நடந்த சச்சரவு கொஞ்சமல்ல. மனம் வெறுத்து விலகியவர்களும் உண்டு. ஆண்ட்ராய்டில் மட்டும் பார்த்தால், பழையதை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், பாதுகாப்புக் குறைகளில் நினைவகத் தவறுகளின் பங்கு 2019-இல் 76 விழுக்காடாக இருந்தது 2024-இல் 24 ஆகக் குறைந்ததாகக் கூகுள் கணக்குத் தருகிறது.

அதற்காகச் சி மொழியைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணிப்பொறியின் அறைகளைக் கையால் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கெர்னிகன்-ரிட்சி நூலையும் படியுங்கள். ஐந்தாம் அத்தியாயத்து ஒரு வரிப் புரோகிராமை வியந்த கையோடு, அந்தப் பயிற்சிக் கணக்கையும் போட்டு முடியுங்கள். ஆசிரியர்கள் கேள்வித்தாளிலும் அதைக் கேட்கலாம். பெறும் இடத்தின் அளவைக் கேட்காத ஃபங்ஷனுக்கு முழு மதிப்பெண் தராமல் இருக்கலாம்.

நம் கல்லூரிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1987-இல் வந்த டர்போ சி கம்பைலர் நம் நாட்டு ஆய்வகங்களில் வெகுகாலம் அரசோச்சியது. இன்றும் அதை விடாத ஆய்வகங்கள் உள்ளன. அதை ஒட்டி எழுதப்பட்ட பாடப்புத்தகங்கள் பலவற்றில், பெயரை வாங்க வேண்டிய இடத்திலெல்லாம் கெட்ஸ்தான். தரத்திலிருந்து நீக்கப்பட்ட பின்னும் தேர்வு விடைத்தாள்களில் அது உயிர் வாழ்கிறது. உங்கள் ஆய்வகத்தில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 10 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, பக்கத்திலேயே ஓர் எண்ணுக்கும் இடம் ஒதுக்குங்கள். கெட்ஸ் கொண்டு ஒரு பெயரை வாங்கி, பெயரையும் எண்ணையும் அச்சிடுங்கள். முதலில் ஐந்தெழுத்துப் பெயர். பிறகு நாற்பது எழுத்துள்ள பெயர். எண் மாறியிருக்கலாம், புரோகிராம் விழுந்துவிடலாம், எல்லாம் சரியாக நடந்தது போலவும் தோன்றலாம். மூன்றில் மிக மோசமானது கடைசியில் சொன்னது. அடுத்து, அதே புரோகிராமை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுங்கள். இந்த ஃபங்ஷன் ஆபத்தானது, இதைப் பயன்படுத்தாதே என்று அது எச்சரிப்பதைக் காண்பீர்கள். டர்போ சி ஒன்றும் சொல்லாது.